வேண்டா அஞ்சலும் நாம் வகுக்கும் விதியும்

வேண்டா அஞ்சல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1978ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர், ஆர்ப்பாநெற் என்னுங் கணினி வலையில் ஏறத்தாழ 400 பேர்க்குக் கேளாத விளம்பரம் விடுத்தார். இன்று அத்தகையன எமது மின்னஞ்சற் பெட்டியையும் நிரப்புகின்றன.

அவற்றைத் தடுக்கக் கருதி, ‘பரிசு’ என்னுஞ் சொல் வரும் மடல்களையெல்லாம் அழிக்குமாறு யாம் ஒரு விதி வகுத்தோம். கடல் கடந்து வாழும் பழைய மாணவரொருவர், வறிய மாணவர்க்குப் பரிசுநிதி வழங்க விரும்பி, தகுதியுடையோர் பெயர் கேட்டு எழுதிய மடலும் அவ்விதிக்கு இரையாயிற்று. குறித்த நாள் கடந்தபின் அவர் தொலைபேசியில் வினவியபோதே அறிந்தோம். அவ்வாண்டு ஒருவரும் அந்நிதி பெற்றிலர். பிழை எமதே, பொறியினதன்று.

எமது திருகோணமலைக் கரைவலைக்காரர், வலையில் வந்ததைக் கரையிற் கொட்டிப் பிரித்த பின்னரே வேண்டாததை எறிவர். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். அறிந்தோர் முகவரிகளை முதற்கண் அனுமதிக்குக. ஐயத்துக்குரியவற்றை அழியாது தனிக் கோப்புறையில் ஒதுக்குக. கிழமைக்கொருமுறை நோக்கியபின் அழிக்குக. ஜிமெயிலின் குப்பைப் பெட்டியிற் கிடப்பவை 30 நாளில் தாமே அழியும் என்பதையும் மறவற்க.

ஒரு சொல்லைக் கொண்டு மடலைத் தள்ளுதல், ஒரு பிழையைக் கொண்டு மாணவனைத் தள்ளுதல் போன்றதன்றோ?