விதையில் உறங்கும் வேற்றுமை

போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வரும் ஏலக்காயின் பருமனையும் பசுமையையும் வைத்தே வணிகர் விலை கூறுகின்றனர். அப்பண்புகள் மண்ணும் மழையும் மட்டும் தந்தவை அல்ல. செடி தன் முன்னோரிடமிருந்து பெற்ற மரபணுக்களுக்கும் அவற்றில் பங்குண்டு.

ஒரு மரபணு பல மாற்று வடிவங்களில் அமையலாம், அவையே அல்லீல்கள். விதையிலிருந்து முளைக்கும் செடி, தாய்வழி ஓர் அல்லீலையும் தந்தைவழி ஓர் அல்லீலையும் பெறுகிறது. 1866இல் வெளியான மெண்டலின் பட்டாணி ஆய்வில், நெட்டையையும் குட்டையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வளர்ந்தது. இரண்டாம் தலைமுறையிலோ நான்கில் ஒரு பங்கு குட்டையாக முளைத்தது. குட்டைப் பண்பு அழியவில்லை, ஒடுங்கி உறங்கியிருந்தது.

ஏலமலைச் சரிவுகளிலும் இத்தகைய வேற்றுமை நெடுங்காலம் செழித்திருந்தது. மலபார் வகையின் சரம் தரையில் படரும்; மைசூர் வகையின் சரம் நிமிர்ந்து நிற்கும். இவ்விரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்ததாகக் கருதப்படும் வழுக்கை வகையின் சரமோ இடைப்பட்ட நிலையில் வளரும். இவ்வேற்றுமைகளுக்கிடையே சிறந்த செடிகளை உற்றுநோக்கி, கட்டப்பனை உழவர் செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்ததே ஞள்ளானி. விளைச்சலில் மிக்க அவ்வகை மலையெங்கும் பரவிப் பழைய வகைகளைப் பின்னுக்குத் தள்ளியது.

ஞள்ளானி விதையால் அன்றி, பக்கக்கன்றுகளால் பெருக்கப்படுகிறது. கன்று தாய்ச்செடியின் நகல். அல்லீல்கள் அங்குப் புதிதாகக் கலப்பதில்லை. நல்ல பண்பு மாறாமல் தொடர்வது உழவருக்கு நன்மையே. ஆயினும், ஒரு செடியை வீழ்த்தும் நோய் அதன் நகல்கள் அனைத்தையும் வீழ்த்தக்கூடும். அயர்லாந்து மக்கள் ஒரே வகை உருளைக்கிழங்கைப் பெரிதும் நம்பியிருந்தனர். 1845இல் தொடங்கிய கருகல் நோயால் அங்கே பெரும் பஞ்சம் விளைந்தது. ஏலத்துக்கும் 'கட்டே' என்னும் நச்சுயிரி நோய் பழைய பகை.

விளைச்சல் குறைந்த செடிகளைக் காப்பது நட்டமன்றோ என்னும் உழவரின் கேள்வி நியாயமானது. தோட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. ஓரத்தில் சில வரிசைகளைப் பழைய வகைகளுக்கு ஒதுக்கினால் போதும். அவற்றுக்கு ஆகும் செலவை உழவர் தலையில் மட்டும் சுமத்தாமல் அரசும் ஏற்பது முறை.

வேற்றுமை இருந்ததால்தான் ஞள்ளானி கண்டெடுக்கப்பட்டது. அவ்வேற்றுமையை இழந்த மலையில், நாளைய உழவர் தேர்ந்தெடுக்க எது எஞ்சியிருக்கும்?