மாணவர்கள் திறந்த பெட்டிகளை மூடவிடக் கூடாது

1764 செப்டம்பரில், ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்திலிருந்து ‘சாலி’ என்ற கப்பல் ரம் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. கப்பல், பிரவுன் குடும்பத்துச் சகோதரர்கள் நால்வருக்குச் சொந்தம். கேப்டன் ஈசெக் ஹாப்கின்ஸ் வாங்கிய 196 ஆப்பிரிக்கர்களில் குறைந்தது 109 பேர் உயிரிழந்தனர். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் இன்று பிரவுன் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகத்தில் இருக்கிறது. சரக்குக் கணக்கு எழுதிய அதே கை, சாவுக் கணக்கையும் எழுதியிருக்கிறது. தேதி, ஆணா பெண்ணா சிறுவரா என்ற குறிப்பு, இறந்தவர்களில் எத்தனையாவது ஆள் என்ற வரிசை எண், அவ்வளவுதான். 1765 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கப்பலில் அடைபட்டவர்கள் எதிர்த்துக் கிளம்பியதும், எட்டுப் பேர் கொல்லப்பட்டதும் அதே புத்தகத்தில் பதிவாகியிருக்கின்றன.

அந்தக் கப்பல் பாய் விரித்த அதே 1764-இல்தான் பிற்காலத்தில் பிரவுன் பல்கலைக்கழகமான கல்லூரியும் தொடங்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த ரூத் சிம்மன்ஸ் அதன் தலைவராக வந்த பிறகு, அடிமை வணிகத்தோடு அதற்கு இருந்த தொடர்பை ஆராய 2003-இல் ஒரு குழுவை அமைத்தார். பேராசிரியர்களோடு மாணவர்களும் அதில் இருந்தார்கள். 2006-இல் அறிக்கை வந்தது. ‘சாலி’யின் ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டன.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கடந்த இருபது ஆண்டுகளில் செய்திருக்கும் பணிகளில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று, அடிமை முறையோடு தங்களுக்கு இருந்த தொடர்பை இப்படி ஆராய்ந்தது என்பது நமது கருத்து. தங்கள் நூலகத்தின் பெட்டிகளைத் தங்கள் மாணவர்களிடமே திறந்து கொடுத்தார்கள். அதிலிருந்து வந்ததைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இந்தப் பணியை அரசின் நெருக்கடியோ நிர்வாகங்களின் அச்சமோ நிறுத்திவிட அனுமதிக்கக் கூடாது.

முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மாணவர்களே என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். யேல் பல்கலைக்கழகம் தனது 300-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2001-இல், அங்கே ஆய்வு மாணவர்களாக இருந்த மூவர் அடிமை முறையோடு யேலுக்கு இருந்த தொடர்பை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 பிப்ரவரியில். இடையில் 23 ஆண்டுகள். பிரின்ஸ்டனில் ஓர் இளங்கலை வகுப்பாகத் தொடங்கிய தேடல், அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் ஒன்பது தலைவர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பதை ஊரறியச் செய்தது. அவர்களில் ஒருவரான சாமுவேல் ஃபின்லி 1766-இல் இறந்ததும், அவருடைய உடைமைகளோடு ஆறு மனிதர்களும் தலைவர் மாளிகையில் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் 2015-இல் நடத்திய வகுப்பிலும் தேடியவர்கள் மாணவர்கள்தான்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1838-இல் அதை நடத்திய மேரிலாந்து இயேசு சபையினர் 272 பேரை லூயிசியானா தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். விலை 1,15,000 டாலர். அதில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. விற்பனை ஒப்பந்தத்தில் பெயரும் வயதும் உறவும் வரிசையாக இருக்கின்றன. முதல் பெயர் ஐசக், வயது 65. அவரைத் தொடர்ந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு குடும்பமே பட்டியலாக விலை போயிருக்கிறது. வரலாற்றாசிரியர்களுக்கு இந்த விற்பனை முன்பே தெரியும். ஆனால் விற்பனையை நடத்திய தாமஸ் முல்லெடியின் பெயர் ஒரு விடுதிக் கட்டடத்தின் மேல் இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை. 2015-இல் மாணவர்கள் போராடிய பிறகுதான் அந்தப் பெயர் நீங்கியது. இன்று அந்தக் கட்டடம் பட்டியலின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸ் பெயரில் நிற்கிறது. ஆவணங்கள் இணையத்தில் ஏறியதும், லூயிசியானாவிலும் பிற இடங்களிலும் வாழும் வழித்தோன்றல்கள் தங்கள் கொள்ளுப்பாட்டன், பாட்டியின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 2019-இல், வழித்தோன்றல்களுக்காக ஒவ்வொரு பருவத்துக்கும் 27.20 டாலர் கட்டணம் செலுத்த மாணவர்களே வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் செய்யாத குற்றத்துக்காகத் தங்கள் பையிலிருந்து பணம் எடுத்து வைக்க முன்வந்த அந்தப் பிள்ளைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்த நிலையில்தான் வாஷிங்டனிலிருந்து வேறு குரல் கேட்கிறது. அமெரிக்க வரலாற்றில் ‘உண்மையையும் நிதானத்தையும்’ மீட்கப்போவதாக 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களைக் குறி வைத்தது. அதே மாதம், நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் நிதி தரும் கூட்டாட்சி அமைப்பை முடிந்தவரை சுருக்க உத்தரவு வந்தது. ஏப்ரலில் மனிதவியல் (humanities) துறைகளுக்கான தேசிய நிதியம் ஏற்கெனவே வழங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்கள் ரத்தாயின. வழக்குகள் போடப்பட்டன. ஆனால் ஓர் ஆவணத்தைப் பழுது பார்த்து, ஸ்கேன் செய்து, அட்டவணை போடும் ஊழியரை ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், தீர்ப்பு வரும் வரை அவர் காத்திருக்க மாட்டார்.

முன்னோர் செய்ததற்கு இன்றைய பிள்ளைகளை ஏன் தலைகுனிய வைக்க வேண்டும் என்பது இந்த ஆணைகளை ஆதரிப்பவர்களின் வாதம். அந்தப் பிள்ளைகள் தலைகுனியவில்லை. ஜார்ஜ்டவுனில் நிமிர்ந்து நின்று வாக்களித்தார்கள். மாணவர் ஆய்வில் பிழை இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம்தான். அதனால்தான் மூல ஆவணத்தையே கண்காட்சியில் வைக்கிறார்கள், சந்தேகம் உள்ளவர் நேரில் படித்துக்கொள்ளட்டும் என்று. அமெரிக்கா விடுதலையைப் பேசிய நாடு, அடிமைகளை விற்ற நாடு. இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவதற்கு வரலாறு என்று பெயரில்லை.

அரசை மட்டும் குறை சொல்லி நிறுத்தவும் முடியாது. கண்காட்சியைத் திறந்து, மன்னிப்பு அறிக்கை வாசித்து, அத்தோடு கடமை முடிந்ததாகக் கருதும் போக்கு பல்கலைக்கழகங்களிடமும் உண்டு. ஜார்ஜ்டவுன் நிர்வாகம் மாணவர்கள் வாக்களித்த கட்டணத்தை அப்படியே ஏற்காமல், நன்கொடையால் திரட்டும் நிதியாக மாற்றிக்கொண்டது. மாணவர் முடிவைத் தம் வசதிக்கேற்ப மாற்றும் இந்தப் பழக்கம் நல்லதல்ல.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. யேல் என்ற பெயருக்கே சென்னையோடு தொடர்பு உண்டு. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல், 1718-இல் அனுப்பிய 417 புத்தகங்களுக்கும் ஒன்பது பொதி சரக்குக்கும் கைம்மாறாகவே அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இந்தக் கோட்டையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதும், 1688-இல் அதற்குத் தடை போடப்பட்டதும் கோட்டைக் கவுன்சிலின் குறிப்பேடுகளில் உள்ளன. யேல் இருக்கும் நியூ ஹேவனில் 2024-இல் திறந்த கண்காட்சி, யேலுக்கும் அடிமை முறைக்கும் இருந்த உறவை அந்த ஊர் மக்களுக்குக் காட்டியது. கப்பலேற்றப்பட்டவர்கள் எந்தக் கிராமத்துக்காரர்கள், எந்தப் பஞ்சத்தில் விலை போனவர்கள் என்று தேட வேண்டிய இடம் இங்கே இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் பதிவேடுகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு மட்டும் என்றில்லாமல், இளங்கலை வரலாற்று மாணவர்கள் அந்தப் பதிவேடுகளைப் படிப்பதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகச் சென்னைப் பல்கலைக்கழகமும் அரசுக் கல்லூரிகளும் சேர்க்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்க உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும்.