இயந்திரம் வாங்குமுன் கணக்குப் போடுவோம்



எல்லா வேலைகளையும் தானியங்கி இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டால் தொழிற்சாலையின் செலவு குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறான எண்ணம் என்பேன்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு பொருளை வெட்ட 20 வினாடி, துளையிட 60 வினாடி, வர்ணம் பூச 30 வினாடி ஆகின்றன. மூன்று வேலைகளும் வரிசையாகத் தொடர்ந்து நடந்தால் மணிக்கு எத்தனை பொருள்கள் வெளிவரும்? 60 தான். பெரும் பணம் கொடுத்துப் புதிய வெட்டும் இயந்திரம் வாங்கி, 20 வினாடியை 10 ஆகக் குறைத்தாலும் அதே 60 தான்! ஆனால் துளையிடும் இயந்திரம் இன்னொன்றைச் சேர்த்தால் 120 பொருள்கள் கிடைக்கும்.

மூன்று நிலைகளுக்கு மனக்கணக்கே போதும். 30 நிலைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் மனிதரா, இயந்திரமா என்று முடிவு செய்ய வேண்டுமானால்? வழிகள் 2இன் 30ஆம் அடுக்கு. அதாவது, 107 கோடிக்கும் மேல்! அவற்றுள் செலவு குறைந்த வழியைக் கண்டறியக் கணிதம் வேண்டும். 1939இல் சோவியத் கணித அறிஞர் கன்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிலில் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் சிக்கலை ஆராய்ந்தே இத்தகைய கணிதத்துக்கு வித்திட்டார்.

கணக்கை மறந்து இயந்திரங்களைக் குவிப்பது முன்னேற்றமாகாது. டெஸ்லா கார் நிறுவனத்தில் தானியங்கி முறையை அளவுக்கு மீறிப் புகுத்தியது தம் தவறே என்று அதன் தலைவர் ஈலான் மஸ்க் 2018இல் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, பாடநூலிலுள்ள அசமன்பாடுகளைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். நாளை ஒரு தொழிற்சாலையின் இலாப நட்டமும், அங்கு உழைப்போரின் வேலையும் உங்கள் கணக்கைப் பொறுத்திருக்கலாம்.