எங்கள் கடிதம், எங்கள் சாவி

லக்கல பிரதேசத்திலும் இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலும் இருக்கும் நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. சண்டை முழுக்க அதில்தான். கொள்கையில் சண்டை வரவில்லை: எங்களுக்கு வரும் கடிதத்தை எங்களுக்கு முன்னால் வேறெவரும் படிக்கக் கூடாது.

லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தபால் பை தோட்டக் கந்தோரில் அவிழும். அங்கிருந்து யார் கையில் கொடுத்துவிடுகிறார்களோ, அவருக்குத் தோதான நாளில் கடிதம் வீடு வரும். எங்களில் ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நான்காம் நாள் கிடைத்தது. உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. லக்கலயில் பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போனபோது அங்கிருந்த சிங்களச் சனங்களும் விலாசத்தை இழந்தார்கள். எங்கு குடிபோனாலும் கூடவே வருவது மின்னஞ்சல் விலாசம் ஒன்றுதான். தோட்டத்துப் பிள்ளைக்கோ, தன் பெயரில் கிடைத்த முதல் விலாசமே அதுதான்.

அதையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தோம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் போட்டோகொப்பிக் கடைத் தம்பி ஜிமெயில் கணக்கு திறந்து தருவார். "அக்கா, நீங்க மறந்துருவீங்க" என்று கடவுச்சொல்லை நீல மட்டைக் கொப்பியில் பெயருக்கு நேரே எழுதிவைப்பார். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, மருத்துவ அறிக்கை எல்லாம் அந்தக் கணக்கில். தம்பி நல்லவர். கொப்பி மேசைமேல் திறந்து கிடக்கிறது.

"ஒளிக்க என்ன இருக்கு?" என்கிறார்கள். லயத்தில், கூரைவரை எட்டாத சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவர்கள் நாங்கள். தாயும் மகளும் மனம்விட்டுப் பேச வேண்டுமானால் பீலிக்கரைக்குத்தான் போவார்கள். எங்களிடம் கேட்கிற கேள்வியா இது?

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம், 12ஆம் உறுப்புரையில், ஒருவரின் கடிதத் தொடர்பில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது. நம் இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கத்துக்கென ஓர் உறுப்புரை இல்லை. தனிப்பட்ட தரவைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது; கடைக் கொப்பியை அது வந்து மூடப்போவதில்லை. உறுப்புரையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை கடிதத்துக்கு நாங்களே பூட்டுப் போட்டுக்கொள்வோம்.

பூட்டு புதியதல்ல. 1991இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் கடிதத்தைப் பூட்டும் பிஜிபி என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அதற்காக அவர்மீது நடந்த விசாரணை 1996இல் கைவிடப்பட்டது. அதில் ஆளுக்கு இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், அதனால் பூட்டத்தான் முடியும். திறக்கிற சாவி உரியவரைவிட்டு நகராது. ஜிமெயிலும் கடிதத்தைப் பூட்டித்தான் அனுப்புகிறது. ஆனால் சாவி அந்த நிறுவனத்திடம். கணினிக்கான தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் 2020 முதல் இந்த இரட்டைச் சாவி கூடவே வருகிறது.

குறையையும் சொல்லியே சேர்ப்போம். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. பல மென்பொருள்களில் தலைப்பு வரியும் வெளியே தெரியும். அங்கே நோயின் பெயரை எழுதிவிட்டு உள்ளே பூட்டிப் பயனில்லை. சாவி தொலைந்தால் பழைய கடிதங்கள் திறக்கமாட்டா, எங்களாலும் திறந்துதர முடியாது.

ஆகவே நாங்கள் உறுதியெடுக்கிறோம்: எவருடைய கடவுச்சொல்லையும் திறக்கும் சாவியையும் இந்த இயக்கம் வாங்கி வைக்காது, நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்காது. கற்றுக்கொடுக்கும்போது போன் உரியவர் கையிலேயே இருக்கும். நாங்கள் வாயால் மட்டும் சொல்லுவோம், தமிழிலும் சிங்களத்திலும். அம்மாமாருக்கு ஒரு பொழுது முழுக்கப் பிடித்தாலும் பரவாயில்லை, போனைப் பிடுங்கி நாங்களே செய்து முடிக்கமாட்டோம். உறுப்பினர் பட்டியலை எங்கும் ஒட்டமாட்டோம்.

முதல் வகுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை. வருகிறவர்கள் வழியில் கடைக்குப் போய், கொப்பியில் தங்கள் பெயர் இருக்கும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவும். பின்பக்கத்தில் வேறொருவர் பெயர் இருந்தால், அவரையும் அழைத்து வரவும்.