சொல்லும் பொருளும்: ‘குட்பை’

காரைக்குடிப் பேருந்து நிலையத்தில், வெளியூர் புறப்படும் பிள்ளைகளுக்குக் கையசைத்து நாம் ‘பை’ என்கிறோம். அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்த்ததுண்டா?

‘கடவுள் உங்களோடு இருப்பாராக’ என்னும் ஆங்கில வாழ்த்தே 16ஆம் நூற்றாண்டில் சுருங்கி ‘குட்பை’ ஆயிற்று. நற்பொழுது கூறும் பிற வாழ்த்துகளின் சாயலால், ‘காட்’ என்ற இறைவன் பெயர் ‘குட்’ என மாறிற்று. பின்னர் அதுவும் உதிர்ந்து, ‘பை’ மட்டும் எஞ்சியது. ஸ்பானியரின் ‘அதியோஸ்’ என்பதோ ‘கடவுளிடம்’ என்றே இன்றும் பொருள்படும்.

நம் தமிழில் ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதே மரபு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மக்கள் கப்பலேறிய செட்டிநாட்டில் அதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, புறப்படும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, அவ்வாழ்த்தை முழுமையாகவே சொல்லி அனுப்புவோம். உதிர்ந்த திருப்பெயரை நம் இல்லங்களிலேனும் மீட்போம்.