கம்பி முன்னறையோடு நின்றால் போதுமா?

நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா 1990ல் உருவான நகரம் திருவனந்தபுரம். அதே நகரில் கோட்டை, கரமனை பகுதிகளின் பழைய வரிசை வீடுகளில், வாசலுக்கு வந்த இன்டர்நெட் பின்கட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. ரேழி, கூடம், அறை, அடுக்களை என்று நீளவாக்கில் கட்டிய வீடுகள் அவை. ரூட்டர் இருப்பது முன்னறையில். பிள்ளைகள் படிப்பது கடைசி அறையில். இடையில் கனத்த சுவர்கள். ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் வைஃபை அலை மெலிகிறது. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ இன்னும் சீக்கிரம் மெலிகிறது.

இதற்கென ரிப்பீட்டர் வாங்கிப் பின்னறையில் மாட்டுவோர் பலர். நலிந்து வந்து சேர்ந்த அலையைத்தானே அது திருப்பி அனுப்பும்? நிலையான வழி கம்பிதான். ரூட்டரிலிருந்து ஒரு கேட்-6 கேபிளைப் பின்னறைக்கு இழுத்து, அங்கே ஒரு சிறிய வைஃபை பெட்டியை இணைத்தால் போதும். 100 மீட்டர் வரை இந்தக் கேபிள் தடையின்றி வேலை செய்யும். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுச் சரக்கைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்க வேண்டும். மின்சார வயர் செல்லும் குழாயில் இதை நுழைக்கக் கூடாது. துலா மாத இடிமின்னலை எண்ணி, வெளிச்சுவர் வழியாக இழுக்காமல் வீட்டுக்குள்ளேயே கொண்டு செல்வது நல்லது.

வேலை அரை நாள்தான். ஆனால் வாடகைக்குக் குடியிருக்கும் குமாஸ்தாவும் கடைத் தொழிலாளியும் சுவரில் ஒரு துளை போட வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. "சுவர் கெட்டுவிடும்" என்ற ஒரு சொல்லில் பிள்ளையின் படிப்பு நின்றுவிடலாமா?

இன்டர்நெட் பெறும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19ல் தீர்ப்பளித்தது. விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கு அது. 2023 ஜூன் 5ல் மாநில அரசின் கே-ஃபோன் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் முக்கிய அம்சம். இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் வாசல் வரை வந்த உரிமை, படிக்கும் மேஜை வரை வந்தால்தான் முழுமை பெறும்.

ஆகவே இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர்கள், "பிள்ளை எந்த அறையில் படிக்கிறது?" என்று கேட்டுப் பெட்டியை அங்கே வைக்க வேண்டும். புது வீடு கட்டுவோர் ஒவ்வோர் அறைக்கும் ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் பதித்துவிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கேபிளுக்கு அனுமதி என ஒரு வரி சேர்க்கலாம். காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவதாகக் குடியிருப்போரும் எழுதிக் கொடுக்கட்டும்.

விரல் பருமன் துளையைச் சிமெண்ட் கொண்டு அடைத்துவிடலாம். தவறிப்போன பாடத்தை அப்படி அடைக்க முடியாது. வீட்டுக்காரர்கள் சிந்திப்பார்களாக!