ரீகாலுக்குப் பில் எதற்கு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "வாரண்டி எத்தனை வருஷம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வாரண்டியைப் போலவே நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு சொல் உண்டு. அது ரீகால். விற்ற பொருளில் ஆபத்தான குறை இருப்பது பின்னால் தெரியவந்தால், நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மாற்றுப் பொருளோ பணமோ தருவதைத்தான் ரீகால் என்கிறோம்.

வாரண்டியும் ரீகாலும் ஒன்றல்ல. வாரண்டிக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் செலவு நம்முடையது. ரீகாலில் குறை தயாரிப்பிலேயே இருக்கிறது. அதைச் சரிசெய்வது தயாரித்தவர் பொறுப்பு. ஆனால் ரீகால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு பழைய பொருளோடு போய் நின்றால், நம்மிடம் கேட்கப்படுவதெல்லாம் வாரண்டிக்கான கேள்விகள். "பில் இருக்கிறதா? எப்போது வாங்கியது? எங்கே வாங்கியது?" இது தவறு என்பதுதான் என் கருத்து.

ஐபாட் நானோ சொல்லும் பாடம்

ஆப்பிள் நிறுவனத்தின் முதல் தலைமுறை ஐபாட் நானோ 2005 செப்டம்பரில் வந்தது. பென்சில் போல மெல்லிய மியூசிக் பிளேயர் என்று உலகமே கொண்டாடியது. 2008ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் சில நானோக்கள் சூடேறித் தீப்பொறி கிளம்பிய சம்பவங்களை அந்நாட்டு அரசு வெளியிட்டது. ஆனால் ஆப்பிள் உலக அளவில் மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது 2011 நவம்பரில்தான். 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்ற நானோக்களில், ஒரு சப்ளையர் தயாரித்த பேட்டரியில் குறை இருந்தது என்று ஆப்பிள் சொன்னது.

அந்த அறிவிப்பில் ஒரு வரி முக்கியமானது. விபத்து நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பேட்டரிக்கு வயது ஏற ஏற அந்த வாய்ப்பும் கூடும் என்றது அது. அதாவது பொருள் பழசாகப் பழசாக ஆபத்து அதிகம். வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆன பொருளுக்கு யாரிடம் பில் இருக்கும்? அங்கே சோதித்தது பில்லை அல்ல, பிளேயரின் முதுகில் பொடி எழுத்தில் பொறித்திருந்த சீரியல் நம்பரை. அந்த நம்பரை வெப்சைட்டில் கொடுத்தால் போதும். பழசைப் பெற்றுக்கொண்ட பிறகு மாற்றுப் பிளேயர் வரச் சுமார் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பலருக்கு அப்போதைய ஆறாம் தலைமுறை நானோவே கிடைத்தது.

ஏன் சூடாகிறது?

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தடுப்பாக இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூடு பக்கத்துப் பகுதியையும் சூடாக்கி, நிறுத்த முடியாத தொடராகிவிடும். 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம், ஆப்பிள் 18 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றன. இரண்டும் சோனி தயாரித்த செல்கள் கொண்டவை. தயாரிப்பின்போது உள்ளே கலந்த நுண்ணிய உலோகத் துகள்கள்தான் காரணம்.

வெளிச்சூடும் பேட்டரிக்குப் பகை. ஐபாடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையில்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் குறிப்பிட்டிருந்தது. எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 35ஐத் தாண்டும். தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம்.

நம் நாட்டிலும் நடந்தது

2007 ஆகஸ்ட் மாதத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோக்கியா போன்களில் இருந்த பிஎல்-5சி பேட்டரிகளில், 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மாட்சுஷிடா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. உலகம் முழுவதும் அதுவரை தெரியவந்த சம்பவங்கள் சுமார் 100 மட்டுமே. ஆனாலும் மாற்றித் தந்தார்கள். பேட்டரியின் பின்புறம் இருந்த 26 இலக்க அடையாள எண்தான் அங்கேயும் அளவுகோல். பேட்டரியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த யாரும் பயன்பெற முடிந்தது.

இப்போது நடப்பது

மியூசிக் பிளேயரின் இடத்தை இன்று போனும் பவர் பேங்கும் பிடித்துக்கொண்டன. திருச்சுழி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர் மகள் ஒரு பவர் பேங்க் கொடுத்திருந்தாள். ஆடு மேய்க்கப் போகும்போது போனில் பாட்டுக் கேட்க அதுதான் துணை. அந்த மாடலுக்கு ரீகால் என்று தெரிந்ததும், பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னேன். "ஏப்பா, சார்ஜ் நல்லாத்தானே நிக்குது, எதுக்குத் தூரப் போடணும்?" என்றார். நியாயமான கேள்விதான். குறையுள்ள பேட்டரி கடைசி நிமிஷம் வரை நன்றாகத்தான் வேலை செய்யும்.

நிறுவனத்தின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை. பில்லின் நகல் இல்லாமல் அடுத்த பக்கம் போகாது. மதுரை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம். திருச்சுழி, அருப்புக்கோட்டை, மதுரை என்று பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் பிழைப்புப் போனது. "இது இங்கே விற்ற பொருள் இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஈமெயில் அனுப்பினேன். வாங்கிய நாட்டிலேயே ஒப்படைக்கும்படி பதில் வந்தது. ஆனால் பாதுகாப்புக் காரணத்துக்காக ரீகால் ஆன லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. போகவும் முடியாது, இங்கே வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. அந்தப் பவர் பேங்க் இன்றும் சித்தப்பா வீட்டுக் கொல்லையில், பழைய பெயின்ட் டப்பாவில் மணலுக்குள் கிடக்கிறது.

பில் கேட்காவிட்டால் ஏமாற்றுபவர்கள் வருவார்களே என்று நிறுவனங்கள் சொல்லலாம். நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஒரு சீரியல் நம்பருக்கு ஒரு முறை மட்டும் மாற்றித் தருமாறு புரோகிராம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. பொருள் கையில் வந்தபின் நம்பரைச் சரிபார்த்தால் மோசடிக்கு இடமே இல்லை. நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லாதது கம்ப்யூட்டரின் குறையும் இல்லை. யாரோ சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பேட்டரிக்கு எல்லைக்கோடு தெரியாது. அது இருக்கும் இடத்தில்தான் எரியும். ஆகவே பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே பெற்றுக்கொள்ள வேண்டும். தாலுகாவுக்கு ஒரு கடையையாவது இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், விசாரித்தபின் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், வாங்கியவருக்குப் பணத்தைத் தரவும் உத்தரவிடலாம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது, பில் இல்லாதவர்களையும் பரிசாகப் பெற்றவர்களையும் சேர்த்து உத்தரவிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியவை

உங்கள் லேப்டாப், போன், பவர் பேங்க், மியூசிக் பிளேயர் எல்லாவற்றையும் புரட்டி, மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து, பில்லின் போட்டோவோடு உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். அச்சு பிற்பாடு தேய்ந்துபோகும், போட்டோ தேயாது.

ரீகால் என்று தெரிந்தால் சார்ஜ் போடுவதையும் பயன்படுத்துவதையும் உடனே நிறுத்துங்கள். பிரிக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எரியும் பொருள்களுக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். விஷயத்தைச் சொல்லாமல் கூரியரில் அனுப்பவும் வேண்டாம்.

நிறுவனம் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்ற கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கவுண்டரில் "பில் எங்கே?" என்று கேட்டால் சீரியல் நம்பரைக் காட்டுங்கள். "நான் வாரண்டி கேட்கவில்லை, ரீகால் கேட்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.